பச்சைத் தண்ணீரில் பட்டினி

ஏரித் தண்ணீரில் துள்ளித் துள்ளி நீந்தும் டாப்னியா, மிஞ்சிப்போனால் சில மில்லிமீட்டர் நீளம். பாசியை வடிகட்டித் தின்னும், மீன்குஞ்சுக்கு இரையாகும். அது எவ்வளவு வேகமாக வளரும் என்பதை வெகுகாலம் பாசியின் அளவை வைத்தே கணக்கிட்டார்கள். இரையில் எவ்வளவு கார்பன் இருக்கிறது, அதில் எவ்வளவு உடம்பில் சேர்கிறது என்பதோடு கணக்கு முடிந்தது. தண்ணீர் பச்சைப்பசேலென்று இருந்தும் டாப்னியா வளராமல் நிற்பதற்கு அந்தக் கணக்கில் பதில் இல்லை.

நார்வேயின் டாம் ஆண்டர்சனும் டாக் ஹெஸ்ஸனும் இரையை விட்டுவிட்டு, தின்னும் உயிரின் உடம்பைப் பகுத்துப் பார்த்தார்கள். 1991-ல் வந்த அவர்களுடைய கட்டுரையைத்தான் இந்தக் கதையின் பிறப்பிடமாக நான் கருதுகிறேன். டாப்னியாவின் உலர் எடையில் பாஸ்பரஸ் ஏறக்குறைய 1.5 சதவீதம். கோபிபாட் என்னும் வேறு நுண்ணிய நீர்வாழ் உயிரினங்களில் அது வெகு குறைவு. எதைத் தின்றாலும் இந்த விகிதம் பெரிதாக மாறுவதில்லை. பாசி அப்படியல்ல. ஒரு பாஸ்பரஸ் அணுவுக்கு 100 கார்பன் அணு என்றிருக்கும் பாசி, வெளிச்சம் மிகுந்து பாஸ்பரஸ் வற்றினால் 1000-ஐத் தொட்டுவிடும். ஏறக்குறைய 300-ஐத் தாண்டினாலே டாப்னியாவின் வளர்ச்சி தடுமாறுகிறது. குடல் நிறைகிறது, உடம்பு கட்டப் பாஸ்பரஸ் போதவில்லை. மிஞ்சும் கார்பனை மூச்சிலும் கழிவிலும் வெளியேற்ற வேண்டியதுதான்.

டாப்னியாவுக்கு ஏன் இவ்வளவு பாஸ்பரஸ்? வேகமாக வளரும் உயிருக்குப் புரதம் செய்யும் ரைபோசோம்கள் நிறைய வேண்டும். அவற்றிலுள்ள ஆர்.என்.ஏ. பாஸ்பரஸ் செறிந்தது. 1996-ல் ஜேம்ஸ் எல்சரும் உடன் உழைத்தவர்களும் இந்த விளக்கத்தை முன்வைத்தார்கள்.

இதற்கிடையே ஒரு தடை எழுந்தது. பாஸ்பரஸ் பற்றாக்குறையில் வளர்ந்த பாசியின் செல்சுவர் தடித்து, அது டாப்னியாவின் குடலைச் செரிக்காமலே கடந்துவிடுகிறது என்று 1993-ல் எல்லன் வான் டாங்க் காட்டினார். அப்படியானால் குறை பாஸ்பரஸிலா, செரிமானத்திலா? அந்தக் கட்டுரையின் இன்னொரு ஆசிரியர் அதே ஹெஸ்ஸன். தன் விளக்கத்தை அசைக்கக்கூடிய சான்றுக்குத் தானே கையெழுத்திட்ட நேர்மை, இந்தக் கதையில் என்னை மிகவும் ஈர்த்த இடம்.

1997-ல் ஜோதாரோ உராபே, ராபர்ட் ஸ்டெர்னர் குழுவினர் அழகான சோதனை ஒன்றைச் செய்தார்கள். பாஸ்பரஸ் பற்றாக்குறையில் வளர்த்த பாசிக்கு, இரையாகக் கொடுப்பதற்குச் சற்று முன்பு மட்டும் பாஸ்பேட்டைக் காட்டினார்கள். செல்சுவரோ கொழுப்போ மாறுவதற்கு அவகாசம் இல்லை. பாஸ்பரஸ் மட்டும் உள்ளே ஏறியது. அதைத் தின்ற டாப்னியா நன்றாக வளர்ந்தது.

ஆனாலும் எல்லா ஏரிக்கும் பாஸ்பரஸ் என்ற இந்த ஒரு பதில் பொருந்தாது. சத்து மிகுந்த ஏரிகளில் சில கொழுப்பு அமிலங்களே டாப்னியாவின் வளர்ச்சியைத் தீர்மானிக்கின்றன என்று டோர்த்தே மியுல்லர்-நவாரா வாதிட்டார். நீலப்பச்சைப் பாசியிலோ, டாப்னியா தானாக உண்டாக்கிக்கொள்ள முடியாத ஸ்டெரால் அநேகமாகக் கிடையாது. 2003-ல் எரிக் ஃபான் எலர்ட் குழுவினர் அந்தப் பாசியோடு கொலஸ்டிராலைச் சேர்த்துக் கொடுத்தபோது டாப்னியாவின் வளர்ச்சி கூடியது.