பாகூர்த் திண்ணையில் ஜப்பானியப் பாடம்

பிற மொழி படிப்பது எங்கள் பாகூருக்குப் புதிதல்ல. 9ஆம் நூற்றாண்டில், பல்லவன் நிருபதுங்கன் காலத்திலேயே இங்கே ஒரு வித்யாஸ்தானம், அதாவது வடமொழிக் கல்விச்சாலை, இருந்தது. அதன் செலவுக்கு மூன்று ஊர்களை எழுதிவைத்ததைப் பாகூர்ச் செப்பேடு சொல்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் 1823இல் புதுச்சேரியில் மருத்துவப் பள்ளி தொடங்கியபோது எலும்பின் பெயரும் காய்ச்சலின் பெயரும் பிரெஞ்சில் வந்தன. 1956இல் அது தன்வந்திரி மருத்துவக் கல்லூரி, 1964இல் ஜிப்மர். பாடமும் ஆங்கிலத்துக்கு மாறியது.

கொம்யூன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள் நான். கேஸ் ஷீட் எழுதியது ஆங்கிலத்தில்தான். ஆனால் நடவு வேலையிலிருந்து நேராக வருகிற அம்மா, "விரலு விண்ணு விண்ணுன்னு தெறிக்குது கண்ணு" என்றால், நகச்சுற்று பழுத்துவிட்டது என்று கட்டை அவிழ்க்கும் முன்பே தெரிந்துவிடும். எந்தப் பாடப்புத்தகமும் எனக்கு அதைச் சொல்லித் தரவில்லை.

இப்போது என் தங்கை மகள் ஜப்பானில் முதியோர் பராமரிப்பு வேலைக்குப் படிக்கிறாள். அங்கே 100 பேரில் 29 பேர் 65 வயதைத் தாண்டியவர்கள். ஆள் போதாமல் 2019இல் வெளிநாட்டாருக்குத் தனி விசா கொண்டுவந்தார்கள். 2021 ஜனவரியில் இந்தியாவோடும் ஒப்பந்தம் போட்டார்கள். பொது மொழித் தேர்வு போதாது, பராமரிப்பு வேலைக்கான ஜப்பானியத்துக்கென்று தனித் தேர்வும் உண்டு.

ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து சத்தம் போட்டுப் படிப்பாள். அதாமா தலை, ஒனகா வயிறு, நெட்ஸு காய்ச்சல், குசுரி மருந்து. இதெல்லாம் மனப்பாடம். அடுத்த பக்கம் வந்ததும் நான் காதைத் தீட்டிக்கொண்டேன். ஸுகிஸுகி என்றால் விண்விண்ணென்று தெறிப்பது. சிக்குசிக்கு என்றால் ஊசியாய்க் குத்துவது. நம் இரட்டைக்கிளவியேதான்! நாற்பது மைல் தாண்டாத நம் பாட்டிகளும் ஜப்பானியப் பாட்டிகளும் வலியை ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள்.

ஜப்பானியரும் மருத்துவத்துக்காக அந்நிய மொழியோடு மல்லுக்கட்டியவர்களே. 1771இல், இன்றைய டோக்கியோவில், சுகிதா கெம்பாகுவும் நண்பர்களும் ஒரு பிணத்தை அறுப்பதை நேரில் பார்த்தார்கள். கையிலிருந்த டச்சு நூலின் படங்கள் அப்படியே பொருந்தின. டச்சு மொழியோ அரைகுறை. சொல் சொல்லாகக் கூட்டிப் படித்து மொழிபெயர்த்து, 1774இல் 'கைதாய் ஷின்ஷோ' என்று வெளியிட்டார்கள்.

வில்லியனூரிலும் பாகூரிலும் பிள்ளைகளை ஜப்பானுக்கு அனுப்பும் பெற்றோருக்குச் சொல்கிறேன்: தேர்வில் பாஸானால் போதும் என்று விட்டுவிடாதீர்கள். அந்த வலிச் சொற்களைப் பிள்ளைகள் வாய்விட்டுப் படிக்கட்டும். ராத்திரி வார்டில் கூப்பிடுகிற கிழவர் அந்தச் சொல்லில்தான் கூப்பிடுவார்.