தற்கொலை என்று எழுதுவதற்கு முன்

மெக்சிகோ நகரை ஒட்டிய சிமல்வாகனில், 2010-இல் ஓர் இளம்பெண் வீட்டுக்குள் இறந்து கிடந்தார். தூக்கிட்டுக்கொண்டதாகவும், தானே இறக்கிக் கிடத்தியதாகவும் கணவர் கூறினார். அவர் காவல் துறையைச் சேர்ந்தவர். தற்கொலை எனக் கோப்பு மூடப்பட்டது. இறந்தவரின் தாய் விடவில்லை. 2015 மார்ச் 25 அன்று அந்நாட்டு உச்சநீதிமன்றம், தற்கொலைபோலத் தோன்றினாலும், இயற்கைக்கு மாறான பெண் மரணம் எதையும் பாலினக் கொலையாக இருக்கலாம் என்ற கோணத்திலேயே விசாரிக்கத் தொடங்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

இதற்கு முன்னோடி ஒன்று உண்டு. 2001 நவம்பரில் சியுதாத் ஹுவாரெஸ் நகரின் பருத்தி வயல் ஒன்றில் 8 பெண்களின் உடல்கள் கிடைத்தன. அதில் மூவர் தொடர்பான வழக்கில் 2009-இல் தீர்ப்பளித்த அமெரிக்க நாடுகளிடை மனித உரிமை நீதிமன்றம், சம்பவ இடம் சரிவரப் பாதுகாக்கப்படாததையும், தடயங்கள் கைமாறிய விவரம் முறையாகப் பதிவாகாததையும் கண்டித்தது.

பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில், நான் இதைப் பிழையின் விலையாகவே பார்க்கிறேன். கொலை என ஐயுற்றுத் தொடங்கி, தற்கொலை என முடிந்தால் நட்டம் சில நாள் உழைப்பும் ஆய்வகச் செலவும்தான். மாறாகத் தொடங்கினால், கழுவிவிட்ட தரையும், அவிழ்த்தெறிந்த கயிற்றின் முடிச்சும், நகக்கண்ணில் இருந்த தோல் துணுக்கும் திரும்பக் கிடைக்கா. ஆறிய பழைய காயங்களையும், அண்டை வீட்டார் கேட்ட கூச்சலையும் யாரும் குறித்துக்கொள்வதில்லை. ஆண்டுதோறும் நாம் விவாதிக்கும் குற்றப் புள்ளிவிவரமும் அந்த முதல் வரியிலிருந்து பிறப்பதுதான்.

நம் நாட்டில் திருமணமாகி 7 ஆண்டுகளுக்குள் பெண் தற்கொலை செய்துகொண்டாலோ ஐயத்துக்குரிய வகையில் இறந்தாலோ நிர்வாக நடுவர் விசாரணை கட்டாயம், தமிழகத்தில் 'ஆர்.டி.ஓ. விசாரணை' என்பது இதைத்தான். எட்டாம் ஆண்டில் இறப்பவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. வரதட்சிணையை மனத்தில் வைத்து வகுத்த வரம்பு அது. வன்முறைக்கு அப்படியொரு காலக்கெடு இருப்பதாக நான் அறியேன்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176(3) பிரிவு, 7 ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வர வேண்டும் என்கிறது (அமல்படுத்த மாநிலங்களுக்கு 5 ஆண்டு அவகாசம்). நல்ல பிரிவு. ஆனால், குற்றம் எனப் பதிவானால்தானே அவர் வருவார்? இயற்கைக்கு மாறான மரணம் என 194-ஆவது பிரிவில் பதிவானால் அவர் வந்தாக வேண்டியதில்லை. 194-இல் பதிவாகும் பெண் மரணம் ஒவ்வொன்றுக்கும், மணமாகி எத்தனை ஆண்டு என்று பாராமல், நிபுணரை அனுப்பும்படி மாநில அரசுகள் தம் காவல் துறைக்கு ஆணையிடலாம். அதற்கு நாடாளுமன்றத்தின் திருத்தம் தேவையில்லை.