வினவல் சமானம்

தரவுத்தளத்தில் எத்தரவு இருந்தபோதும் ஒரே விடையைத் தரும் இரு வினவல்கள், எழுதப்பட்ட முறையில் எவ்வளவு வேறுபட்டிருந்தாலும், தர்க்க அளவில் சமானமானவை எனப்படும். வினவலை நிறைவேற்றும் வழியைத் தேர்ந்தெடுக்கும் மென்பொருள் உறுப்பான வினவல் உகப்பாக்கி, இரு வினவல்களை அருகருகே வைத்து ஒப்பிடுவதில்லை. வந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, தான் அறிந்த மாற்று விதிகளால் அதற்குச் சமானமான பிற வடிவங்களை ஆக்கி, அவற்றுள் செலவு குறைந்ததைத் தெரிகிறது. ஆகவே சமானமான இரு வினவல்கள் ஒரே செயல்திட்டத்தை அடையுமா என்பது, அவற்றை இணைக்கும் விதி அந்த உகப்பாக்கியில் உள்ளதா என்பதைப் பொறுத்தது.

ஐபிஎம் நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வகத்தில் பணியாற்றிய எட்கர் காட், 1970இல் உறவுநிலை மாதிரியை வெளியிட்டு, வேண்டியது எது என்பதைப் பயனர் கூற, அதைப் பெறும் வழியைக் கணினி காணும் என்ற பிரிவினையை நிலைநாட்டினார். அட்டவணைகளை இணைக்கும் வரிசையை மாற்றலாம், நிரைகளை வடிகட்டும் நிபந்தனையை இணைப்புக்கு முன்னரே செலுத்தலாம் என்பன போன்ற விதிகள் அம்மாதிரியின் இயற்கணிதத்திலிருந்து கிடைத்தன. அதே ஆய்வகத்தின் சிஸ்டம் ஆர் திட்டத்துக்காக பட்ரிசியா செலிஞ்சரும் உடன் பணியாற்றியோரும் 1979இல் வெளியிட்ட கட்டுரையே இத்துறையின் மூலநூல் எனத்தகும். பத்து அட்டவணைகளை ஒன்றன்பின் ஒன்றாக இணைக்க 36,28,800 வரிசைகள் உண்டு என்பதால், சிறு தொகுதிகளின் சிறந்த வழியை முதலில் கண்டு அதன்மேல் பெரியவற்றைக் கட்டும் இயங்கு நிரலாக்க முறையை அவர்கள் கையாண்டனர். வட்டிலிருந்து படிக்கும் பக்கங்களும் கையாளும் நிரைகளும் செலவாகக் கணக்கிடப்பட்டன. சமநிலை நிபந்தனைக்குரிய நிரலில் சுட்டுவரிசை இல்லாதபோது, பத்தில் ஒரு பங்கு நிரைகள் தேறும் எனக் கொள்ளப்பட்டது. இவ்வளவு துணிச்சலான ஊகத்தின்மேல் எழுந்த முறை இத்தனை காலம் நின்றது வியப்புக்குரியது. பெர்க்லியின் இங்ரெஸ் திட்டம் வினவலைத் துண்டாக்கும் வேறொரு வழியை மேற்கொண்டது. பின்வந்த உகப்பாக்கிகளில் பெரும்பாலானவை சிஸ்டம் ஆர் வழியையே பின்பற்றின.

சமானத்தை முழுமையாகக் கண்டறிய இயலாது என்பதைக் கோட்பாடு காட்டியது. தெரிவு, இணைப்பு, நிரல் நீக்கம் ஆகியவை மட்டும் கொண்ட எளிய வினவல்களுக்குச் சமானத்தைத் தீர்மானிக்கலாம், ஆனால் அது என்பி-முழுமையான, அதாவது விரைவான பொது வழிமுறை அறியப்படாத, கணக்கு என்று அசோக் சந்திராவும் பிலிப் மெர்லினும் 1977இல் நிறுவினர். கழித்தலும் சேர்ந்த முழு இயற்கணிதத்துக்கோ, எல்லா நேர்வுகளிலும் விடை கூறும் வழிமுறை இருக்கவே முடியாது.

விதி பிழைபட்ட வரலாறும் உண்டு. உள்வினவல்களை இணைப்புகளாக மாற்ற 1982இல் வொன் கிம் தந்த முறை, எண்ணிக்கை கேட்கும் வினவல்களில் தவறியது: பணியிட எண்ணிக்கையும் பணியாளர் எண்ணிக்கையும் சமமான துறைகளைக் கேட்டால், பணியிடமும் பணியாளரும் இல்லாத துறைக்கு உள்வினவல் சுழியம் தர, அத்துறை விடையில் இடம்பெறும், மாற்றப்பட்ட வடிவிலோ அதற்குரிய தொகுதியே உருவாகாமல் துறை விடுபட்டது. இது ‘கவுண்ட் பிழை’ எனப் பெயர்பெற்றது. பொருந்தாத நிரைகளையும் தக்கவைக்கும் வெளியிணைப்பைக் கொண்டு 1987இல் இதற்குத் தீர்வு காணப்பட்டது. மதிப்பின்மையைக் குறிக்கும் ‘நல்’ எஸ்கியூஎல் வினவல் மொழியில் தேவையற்ற சிக்கலைப் புகுத்தியது. ‘நாட் இன்’, ‘நாட் எக்ஸிஸ்ட்ஸ்’ ஆகியவை ஒன்றெனத் தோன்றினும், உள்வினவல் ஒரு நல் தந்தாலே முன்னது எந்த நிரையையும் தராது.

விதிகளைப் பொறியிலிருந்து பிரித்து, சமானமான வடிவங்களை ஒரே குழுவாக ‘மெமோ’ என்னும் அமைப்பில் சேமிக்கும் முறையை கோட்ஸ் கிரேஃப் 1990களில் வால்கனோ, கேஸ்கேட்ஸ் வடிவமைப்புகளில் வளர்த்தார். அண்மைக்கால மென்பொருள்களிலும் வேறுபாடுகள் உள்ளன. போஸ்ட்கிரெஸ் 2019இல் வந்த 12ஆம் பதிப்பிலிருந்தே, ஒருமுறை மட்டும் பயன்படும் ‘வித்’ பகுதியை உள்வினவல்போல முதன்மை வினவலுடன் கலந்து உகப்பாக்குகிறது.