மாத்திரையை எண்ணிய செவிலியர்: சென்னைக் காசநோய் ஆய்வும் அதன் தொடர்ச்சியும்

காசநோய்க்குக் காற்றோட்டமும் ஓய்வும் ஊட்டமான சாப்பாடும்தான் மருந்து என்று மருத்துவ உலகம் நெடுங்காலம் நம்பியது. தாம்பரத்தில் டாக்டர் டேவிட் சவுரிமுத்து 1928-ல் தொடங்கிய சானடோரியம் அந்த நம்பிக்கையில் எழுந்ததுதான். 1940-களின் பிற்பகுதியில் ஸ்ட்ரெப்டோமைசினும், பாஸ் என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட பாரா அமினோ சாலிசிலிக் அமிலமும், 1952-ல் ஐசோனியாசிடும் புழக்கத்துக்கு வந்தன. மருந்து கிடைத்துவிட்டது, படுக்கை கிடைக்கவில்லை. இந்தியாவின் காசநோயாளிகளில் ஒரு சிறு பங்கினரைக்கூடச் சேர்த்துக்கொள்ள ஆஸ்பத்திரிகளில் இடமில்லை. வீட்டில் வைத்தே குணப்படுத்த முடியுமா என்ற கேள்வியோடு 1956-ல் சென்னையில் காசநோய் வேதிச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் கைகோத்தன. பிரிட்டிஷ் மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ் பொறுப்பேற்றார்.

நகரத்தின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகள், யார் எங்கே என்பதைக் குலுக்கல் முறையில் முடிவுசெய்து, இரண்டாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு பாதிக்குச் சானடோரியம், மறுபாதிக்கு வீடு. இருசாராருக்கும் ஓராண்டுக்கு அதே ஐசோனியாசிடும் பாஸும்தான். 1959-ல் வெளியான முடிவு மருத்துவ உலகைத் திகைக்க வைத்தது. சானடோரியத்தில் 92 விழுக்காட்டினரின் சளியில் கிருமி ஒடுங்கியிருந்தது. வீட்டில் 86 விழுக்காட்டினருக்கு. நெருக்கடியான வீடு, அரைகுறை ஓய்வு, சத்துக்குறைந்த உணவு எல்லாம் இருந்தும் பெரிய வித்தியாசமில்லை. உடனிருந்த குடும்பத்தாருக்கும் அதனால் கூடுதலாக நோய் தொற்றவில்லை.

இந்த வெற்றியை மருந்தின் கணக்கில் மட்டும் எழுதுவது வழக்கம். அது பாதிக் கதைதான். பாஸ் விழுங்கக் கடினமான மருந்து. ஒரு நாளைக்குப் பல கிராம், குமட்டல், வயிற்றுப்போக்கு. இரண்டு மூன்று மாதத்தில் இருமல் அடங்கி உடம்பு தேறியதும், இனி எதற்கு என்று தோன்றிவிடும். ஆகவே பொது சுகாதாரச் செவிலியரும் ஹெல்த் விசிட்டர்களும் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போனார்கள். மிச்சமிருக்கும் மாத்திரைகளை எண்ணினார்கள். சிறுநீர் வாங்கிவந்து ஃபெரிக் குளோரைடு விட்டுப் பார்த்தார்கள். பாஸ் உடம்பில் இருந்தால் செவ்வூதா நிறம் தெரியும். நோயாளியின் வார்த்தையை மட்டும் நம்பாத கறாரான சோதனைதான். ஆனால் அதே வருகையில்தான் குமட்டலைப் பற்றிக் கேட்டார்கள், வேலை போய்விடுமோ என்ற பயத்தையும் வீட்டுக் கஷ்டத்தையும் காதுகொடுத்துக் கேட்டார்கள். எண்ணுவதும் கேட்பதும் ஒரே ஆளின் வேலையாக இருந்தது என்பதே இந்த ஆய்வின் உயிர்நாடி.

மருந்தைத் தானே எடுத்துக்கொள்ளும்படி நோயாளியிடம் விட்டுவிடுவதில் உள்ள சிக்கலை ஃபாக்ஸ் 1958-லேயே தனிக் கட்டுரையாக எழுதினார். அடுத்த கட்டமாகச் சென்னை மையம் வாரம் இருமுறைச் சிகிச்சையைச் சோதித்தது. ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி மருந்து என்பதால் நோயாளி மையத்துக்கு வந்தே ஆகவேண்டும். வந்தவர் ஐசோனியாசிடையும் செவிலியர் முன்னாலேயே விழுங்கினார். 1964-ல் வந்த முடிவுகள் இம்முறை தினசரி மாத்திரைக்குச் சளைத்ததல்ல என்று காட்டின. தான்சானியாவில் காரெல் ஸ்டிப்லோ கட்டியெழுப்பிய தேசியத் திட்டமும் சேர்ந்துகொள்ள, 1990-களின் நடுவில் உலக சுகாதார நிறுவனம் ‘டாட்ஸ்’ என்ற நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சையை உலகெங்கும் பரப்பியது. 1997-ல் இந்தியாவும் அதில் இறங்கியது.

இங்கேதான் ஒன்று கைநழுவியது. பல நாடுகளில் டாட்ஸ் என்றாலே எதிரில் நின்று விழுங்க வைப்பது என்று சுருங்கிப்போனது. வீடு தேடிப்போய்க் குறைகேட்கும் பகுதி உதிர்ந்துவிட்டது. தினக்கூலியை விட்டுவிட்டு மாத்திரைக்காகக் கியூவில் நிற்பவரின் இழப்பை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

கண்காணிப்பு மட்டும் போதுமா என்பதையும் ஆய்வுகள்தான் உரசிப் பார்த்தன. பாகிஸ்தானில் 497 பேரிடம் நடந்து 2001-ல் வெளியான ஆய்வில், சுகாதார ஊழியர் முன்னால் மருந்து உண்டவர்களில் 64 விழுக்காட்டினர் குணமானார்கள். குடும்பத்தார் கண்காணித்தவர்களில் 55. யாரும் கண்காணிக்காமல் தாமே உண்டவர்களில் 62. வெறுமனே பார்த்துக்கொண்டு நிற்பதால் பெரிய பலன் இல்லை.

செனெகலில் 2007-ல் வெளியான ஆய்வு மறுபக்கத்தைக் காட்டியது. அங்கே ஊழியர்களுக்கு நோயாளியோடு பேசவும் அவர் சொல்வதைக் கேட்கவும் பயிற்சி தந்தார்கள். மருந்தை ஊருக்கு அருகே கொண்டுபோனார்கள். துணையாளர் யார் என்பதை நோயாளியே முடிவுசெய்தார். சிகிச்சை வெற்றி 88 விழுக்காடு. பழைய முறையில் 76. சிகிச்சையைப் பாதியில் விட்டவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தார்கள். ‘மருந்தை ஒழுங்காகச் சாப்பிடாதவர்’ என்று நோயாளிமேல் பழிபோடும் வழக்கத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை.

நோயாளியின் நிலையைக் கவனிக்கும் அந்தப் பாதை தமிழ்நாட்டில் 2022 ஏப்ரலில் ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ வரை வந்திருக்கிறது. காசநோய் மரணங்களில் பெரும்பகுதி நோய் கண்டறிந்த முதல் இரண்டு மாதங்களுக்குள் நிகழ்கிறது. மாத்திரையை எண்ணி இப்படி ஆரம்பத்திலேயே இறந்துபோகும் நோயாளிகளைக் காப்பாற்ற முடியாது. அதனால் நோய் உறுதியானதுமே ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊழியர் எடையும் உயரமும் பார்க்கிறார், மூச்சை எண்ணுகிறார், விரலில் ஆக்சிஜன் கருவியை மாட்டுகிறார், காலில் வீக்கம் இருக்கிறதா என்று அழுத்திப் பார்க்கிறார், பிடிமானமில்லாமல் எழுந்து நிற்கச் சொல்கிறார். உடல் நிறைக் குறியீடு 14 அல்லது அதற்குக் கீழே இருந்தாலோ, 14-க்கும் 16-க்கும் இடையில் இருந்து காலும் வீங்கியிருந்தாலோ, நிமிடத்துக்கு 24-க்கு மேல் மூச்சு வாங்கினாலோ, ஆக்சிஜன் அளவு 94 விழுக்காட்டுக்குக் கீழே போனாலோ, தாமாக நிற்க முடியாவிட்டாலோ, அவரை மேல்சோதனைக்கும் உள்நோயாளியாகச் சேர்க்கவும் அனுப்புகிறார்கள். இதற்கு எக்ஸ்ரேயும் வேண்டாம், சிறப்பு மருத்துவரும் வேண்டாம். 1959-ல் பெரும்பாலோருக்குப் படுக்கை தேவையில்லை என்று நிரூபித்த அதே நகரத்திலிருந்து, யாருக்குப் படுக்கை கட்டாயம் வேண்டும் என்பதை முதல் சந்திப்பிலேயே சொல்லும் முறையும் இப்படித்தான் உருவாயிற்று.