நிற்காத பம்பும் நேரம் குறித்த தொழுகையும்

நெய்வேலிச் சுரங்கத்தில் ஒரு நாழிகையும் நிறுத்த முடியாத வேலை ஒன்று உண்டு. அது நிலக்கரி வெட்டும் வேலை அன்று. நீர் இறைக்கும் வேலை. பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே பெரும் அழுத்தத்துடன் நிலத்தடி நீர் அடைபட்டுக் கிடக்கிறது. மேலிருக்கும் மண்ணை அகற்ற அகற்ற, அந்த நீரை அமுக்கி வைத்திருந்த பாரம் குறைகிறது. இறைப்பதை நிறுத்தினால், நீர் சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு மேலே வந்துவிடும். ஆகவே பெருநாள், பொங்கல் என்ற வேறுபாடின்றி, அங்கே இரவும் பகலும் பம்புகள் ஓடுகின்றன. வெட்டி எடுக்கும் நிலக்கரியின் எடையைப் போலப் பல மடங்கு எடையுள்ள நீர் வெளியே வந்து கொட்டுகிறது.

பம்பு ஓடினால் அதன் அருகே ஒரு மனிதர் இருந்தாக வேண்டும். அவர் ஒரு முஸ்லிமாக இருந்தால், மஃரிபுக்குப் பாங்கு ஒலிக்கும்போது என்ன செய்வார்?

இக்கேள்வி நம் சமுதாயத்துக்கு மிகப் பழையது அன்று. நெய்வேலிக்குக் கிழக்கே கடலோரத்தில் பரங்கிப்பேட்டை இருக்கிறது. தெற்கே, மன்பவுல் அன்வார் அரபுக் கல்லூரியால் புகழ்பெற்ற லால்பேட்டை இருக்கிறது. தமிழகத்துக் கடற்கரை முஸ்லிம்களில் பலர் மரக்கலம் ஓட்டினார்கள், வணிகம் செய்தார்கள். உள்நாட்டில் இருந்தவர்கள் தறி நெய்தார்கள், தோல் பதனிட்டார்கள், கடை வைத்தார்கள். இத்தொழில்களில் உழைப்பு குறைவு என்று சொல்ல வரவில்லை. ஆனால், நேரம் பெரும்பாலும் அவர்கள் கையில் இருந்தது. பாங்கு கேட்டதும் கடைக்கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டுப் பள்ளிக்கு நடக்கலாம். தறியை நிறுத்தினால் நூல் ஓடிப்போய்விடாது. கடலில் இருப்பவருக்குப் பயணத் தொழுகையின் சலுகைகள் இருந்தன.

1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது பழுப்பு நிறப் பொருள் ஒன்று வெளிப்பட்டதிலிருந்து நெய்வேலியின் கதை தொடங்குகிறது. 1956 நவம்பரில் லிக்னைட் நிறுவனம் பதிவு செய்யப்பட்டது. 1957 மே மாதத்தில் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961இல் நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது. 1962இல் மின்சாரம் பிறந்தது. அனல்மின் நிலையத்துக்குச் சோவியத் நாட்டின் உதவி, மண் வெட்டும் ராட்சதச் சக்கர இயந்திரங்களுக்கு மேற்கு ஜெர்மனி. நிலத்தையும் ஊரையும் விட்டுப் பெயர்ந்த கிராமத்தாரின் வரலாறு தனியே எழுதப்பட வேண்டியது. இங்கே நமக்கு வேண்டிய செய்தி ஒன்றுதான்: பம்புசெட்டும் ஏற்றமும் மட்டும் அறிந்திருந்த தென்னாற்காட்டு மண்ணில் சில ஆண்டுகளுக்குள் சங்கு ஊதி வேலைக்கு அழைக்கும் வாழ்க்கை வந்துவிட்டது. அதனுடன் ஷிப்டு என்ற சொல்லும் வந்தது. மாதச் சம்பளம், வட்டம் வட்டமாக எண்ணிட்ட குடியிருப்பு, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், பதவி உயர்வு ஆகியவை எல்லாம் அந்தச் சொல்லுக்குப் பின்னால் வரிசையில் நின்றன.

சட்டம் தொழிலாளிக்குச் சிறிது மூச்சுவிட இடம் தந்தது. 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டப்படி, தரைக்கு மேல் வேலை செய்பவருக்கு நாளுக்கு 9 மணி நேரமும் வாரத்துக்கு 48 மணி நேரமும் வரம்பாக இருந்தன. தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்க முடியாதிருந்தது. இடையில் அரைமணி நேரமேனும் ஓய்வு தர வேண்டியிருந்தது. மின் நிலையம் போன்ற ஆலைகளுக்கு 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமும் இதே அரைமணி நேரத்தைத்தான் சொன்னது. உளூச் செய்து ஃபர்ளைத் தொழுவதற்கு அதில் பாதியே போதும். ஆனால், அந்த அரைமணி எப்போது வரும் என்பதை வேலையின் போக்குத் தீர்மானிக்கிறது. தொழுகையின் வக்தைச் சூரியன் தீர்மானிக்கிறது. சிக்கல் முழுவதும் இங்கேதான்.

லுஹரில் இந்தச் சிக்கல் எழுவது அரிது. நம் பகுதியில் அதன் வக்து மூன்று மணி நேரத்துக்கு மேல் நீள்கிறது. அஸரில் ஷாஃபிஈக்களுக்கு ஒரு நிழலிலும் ஹனஃபிகளுக்கு இரு நிழலிலும் வக்து தொடங்கும் என்றாலும், இரு சாராருக்கும் இடம் உண்டு. மஃரிப்தான் நெருக்குகிறது. சூரியன் மறைந்து செவ்வானம் அழிவதற்குள், ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம். மாலை ஷிப்டில் நிற்பவருக்கு அந்த நேரத்தில் ஓய்வு விழுந்தால் நிம்மதி. விழாவிட்டால் நெஞ்சு பதைக்கும்.

இத்தகைய நெருக்கடியை நம் முன்னோர் அறியாதவர்கள் அல்லர். நபி (ஸல்) அவர்கள் மதீனாவில், அச்சமும் பயணமும் இல்லாத நிலையில், இரு தொழுகைகளைச் சேர்த்துத் தொழுததாக இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கும் செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. ஹிஜ்ரி 676இல் மறைந்த இமாம் நவவி (ரஹ்) அந்நூலுக்கு எழுதிய விளக்கவுரையில், தேவை ஏற்படும்போது, வழக்கமாக்கிக் கொள்ளாதவருக்கு இது கூடும் என்று கருதிய இமாம்களைக் குறிப்பிடுகிறார்கள். இப்னு ஸீரீன், ஷாஃபிஈக்களில் அல்கஃப்பால் அஷ்ஷாஷீ போன்றோர் அவர்களுள் அடங்குவர். ஹனஃபி மத்ஹபில் அரஃபா, முஸ்தலிஃபா தவிர வேறெங்கும் சேர்த்துத் தொழ இடமில்லை. ஒன்றை அதன் கடைசி நேரத்திலும் அடுத்ததை அதன் முதல் நேரத்திலும் தொழுதுகொள்ளலாம், அவ்வளவே. எவர் எதைப் பின்பற்றுவது என்பதை அவரவர் தம் ஊர் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். ‘வழக்கமாக்கிக் கொள்ளாதவருக்கு’ என்ற நிபந்தனையைக் கண்டும் காணாததுபோல் கடந்து போய்விடக் கூடாது. ஆண்டு முழுதும் ஷிப்டில் இருப்பவருக்கு அது கனமான நிபந்தனை.

ஜும்ஆவுக்கும் ஜமாஅத்துக்கும் வர இயலாதவரின் காரணங்களை ஃபிக்ஹு நூல்கள் பட்டியலிடும்போது, உயிருக்கும் பொருளுக்கும் வரக்கூடிய ஆபத்தைச் சேர்க்கின்றன. அடுப்பில் இட்ட ரொட்டி கருகிவிடுமே என்ற அச்சத்தைக்கூட ஷாஃபிஈ நூல்கள் விட்டுவைக்கவில்லை. ரொட்டிக்கே இந்த இரக்கம் என்றால், சுரங்கத்துக்குள் நூறு பேர் வேலை செய்யும்போது பம்பைக் காப்பவரை மார்க்கம் எப்படிப் பார்க்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பம்பை விட்டு நகர முடியாதவரின் நிலை வேறு. மேலதிகாரியின் கண்ணில் படவேண்டும் என்பதற்காகக் கூட்டம் முடியும்வரை அசையாமல் அமர்ந்திருப்பவரின் நிலை வேறு. முதலாமவர் கையில் இருப்பது அமானிதம். இரண்டாமவர் காத்துக்கொண்டிருப்பது தம் பதவி உயர்வை. உழைப்பும் இபாதத்துதான் என்று நாம் அடிக்கடி சொல்கிறோம், சரியான சொல்தான். அதை அதிகம் சொல்பவர்கள் பம்பருகே நிற்பவர்களா, குளிரூட்டிய அறையில் இருப்பவர்களா என்று கவனித்தால் வருத்தமே மிஞ்சுகிறது.

ஷிப்டில் நிற்பவருக்கு மிக நெருக்கமான முன்மாதிரி, என் பார்வையில், அச்சநேரத் தொழுகையாகும். அல்குர்ஆன் 4:102ஆம் வசனம் அதன் முறையைச் சொல்கிறது. ஒரு கூட்டத்தார் ஆயுதத்தை விடாமலேயே நபி (ஸல்) அவர்களுடன் தொழ, மற்றவர்கள் காவல் நிற்பார்கள்; ஸஜ்தா முடிந்ததும் தொழுதவர்கள் பின்னே போக, தொழாதவர்கள் முன்னே வருவார்கள். போர்க்களத்திலும் தொழுகை கைவிடப்படவில்லை, காவலும் கைவிடப்படவில்லை, முறை மாற்றிக்கொண்டார்கள். பக்கத்து இயந்திரத்தில் நிற்கும் நண்பர், எந்த மதத்தவராயினும், ‘பத்து நிமிடம் பார்த்துக்கொள்ளுங்கள், அண்ணே’ என்று கேட்டால் பெரும்பாலும் மறுப்பதில்லை. அவருடைய ஆயுதபூஜைக்கோ கிறிஸ்துமஸுக்கோ நம்மவர் ஷிப்டை மாற்றிக்கொண்டால் கணக்குச் சமனாகிவிடும். இதற்குச் சட்டமும் வேண்டாம், மனுவும் வேண்டாம். கேட்பதற்குக் கூச்சப்படாத நாக்கு மட்டும் வேண்டும். நம்மில் பலருக்கு அதுதான் இல்லை.

அச்சநேரத் தொழுகை தொழப்பட்டதாக அறியப்படும் தாத்துர் ரிகாஉ படையெடுப்பிலிருந்து திரும்பும்போது, நபி (ஸல்) அவர்கள் ஒரு கணவாயில் தங்கி, இன்றிரவு காவல் காப்பவர் யார் என்று கேட்டார்கள். முஹாஜிர்களில் ஒருவரும் அன்ஸாரிகளில் ஒருவரும் முன்வந்தனர். அம்மார் பின் யாஸிர் (ரலி), அப்பாத் பின் பிஷ்ர் (ரலி) என்று அவர்களின் பெயர்களைச் சொல்வார்கள். இருவரும் இரவை இரு பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். சொல்லப்போனால், ஒரு ஷிப்டு. முதற்பாதி அன்ஸாரித் தோழருக்கு வந்தது. நண்பர் உறங்க, அவர் காவலில் நின்றபடியே தொழத் தொடங்கினார். இருளிலிருந்து ஓர் அம்பு வந்து தைத்தது. பிடுங்கிப் போட்டுவிட்டுத் தொடர்ந்து ஓதினார். இரண்டாவது அம்பு, மூன்றாவது அம்பு. அதன் பிறகே ருகூவும் ஸஜ்தாவும் செய்து முடித்து நண்பரை எழுப்பினார். பாய்ந்து ஓடும் இரத்தத்தைக் கண்ட நண்பர், முதல் அம்பிலேயே ஏன் எழுப்பவில்லை என்று பதறினார்.

ஓதிக்கொண்டிருந்த சூராவை இடையில் நிறுத்த மனம் வரவில்லை என்றார் அவர். நபி (ஸல்) அவர்கள் ஒப்படைத்த காவலிடம் பாழாகிவிடுமே என்ற அச்சம் மட்டும் இல்லாதிருந்தால், உயிரே போனாலும் நிறுத்தியிருக்கமாட்டேன் என்றும் சொன்னார்.