விக்டோரியா தெருவில் ரயில் நின்ற கதை

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் மினியாபோலிஸ், செயின்ட் பால் என்று இரட்டை நகரங்கள் உண்டு. இரண்டையும் இணைக்கும் யூனிவர்சிட்டி அவென்யூவில் ஒரு காலத்தில் டிராம் ஓடியது. 1954-க்குள் அங்கே டிராம் சேவை முழுவதுமே நின்று, பேருந்துகள் வந்துவிட்டன.

அந்தச் சாலைக்குத் தெற்கே, செயின்ட் பாலில், ரோண்டோ என்ற கறுப்பின மக்களின் குடியிருப்பு இருந்தது. 1950, 60களில் ஐ-94 நெடுஞ்சாலையை அதன் நடுவிலேயே போட்டார்கள். நூற்றுக்கணக்கான வீடுகளும் கடைகளும் போயின. அதனால்தான், 2000களில் அதே சாலையில் இலகு ரயில் வரப்போகிறது என்றதும் அந்த மக்கள் முதலில் பயந்தார்கள். திட்ட வரைபடமும் பயத்தைக் கூட்டியது. மற்ற இடங்களில் சுமார் அரை மைலுக்கு ஒரு நிலையம். இவர்கள் பகுதியில் மட்டும் ஒரு மைலுக்கு ஒன்று. ஹாம்லைன், விக்டோரியா, வெஸ்டர்ன் ஆகிய மூன்று நிறுத்தங்கள் 'பிறகு பார்க்கலாம்' பட்டியலில் கிடந்தன. ரயில் வந்தால் 16-ஆம் எண் பேருந்தையும் குறைப்பார்கள். கார் இல்லாத வீடுகள் அதிகம் உள்ள இடம்; பனிக்காலத்தில் அரை மைல் கூடுதலாக நடப்பது சின்ன விஷயமில்லை.

காரணம் ஒரு சூத்திரம். மத்திய அரசின் நிதி வேண்டுமென்றால், செலவழிக்கும் டாலருக்குப் பயணிகளின் நேரம் எவ்வளவு மிச்சமாகிறது என்று காட்ட வேண்டும். நிலையம் கூடினால் செலவு கூடும், ரயிலின் வேகம் குறையும். சூத்திரத்தில் யாருடைய நிறமும் எழுதியிருக்கவில்லை. அடி மட்டும் யாருக்கு விழுமோ அவர்களுக்கே விழுந்தது.

பகுதிவாசிகள் ரயிலே வேண்டாம் என்று மறிக்கவில்லை. 'எங்களுக்கும் நிறுத்தம்' என்று கூட்டணி அமைத்து, கூட்டம் கூட்டமாகப் போய்ப் பேசினார்கள். நம் சங்கக் கூட்டங்களுக்கு வருபவர்களுக்கு அந்த அலுப்பு புரியும்! நிலத்தடி ஏற்பாட்டை மட்டும் செய்து வைக்கிறோம் என்ற சமாதானம் அவர்களுக்குப் போதவில்லை. 2010 ஜனவரியில் போக்குவரத்து அமைச்சர் ரே லாஹூட் அந்த விதியைத் தளர்த்தினார். மூன்று நிலையங்களும் திட்டத்தில் சேர்ந்தன.

எல்லாம் சுபம் என்று சொல்ல முடியாது. சாலையோரத்தில் கார் நிறுத்தும் இடம் பெரும்பாலும் போயிற்று. கட்டுமானக் காலத்தில் சிறு கடைகள் திணறின, வழக்கும் நடந்தது.

2014 ஜூன் 14 அன்று கிரீன் லைன் ஓடத் தொடங்கியது. மொத்தம் 11 மைல், 23 நிலையங்கள். ரோண்டோவின் மிச்சத்துக்குப் பக்கத்தில் விக்டோரியா நிலையம் இருக்கிறது. வெஸ்டர்ன் நிலையத்தைச் சுற்றி, தென்கிழக்கு ஆசியாவிலிருந்து அகதிகளாக வந்த மக்களின் கடைகளும் உணவகங்களும். அந்தக் கடைத்தெருவுக்கு இப்போது 'லிட்டில் மீகாங்' என்று பெயர்.