பிள்ளைகளின் 'டிக்' கோளாறும் மின்தூண்டல் சிகிச்சையும்

கண்களை ஓயாது சிமிட்டுதல், முகத்தைச் சுளித்தல், தோளைக் குலுக்குதல், தொண்டையைச் செருமுதல் போன்றவற்றைப் பிள்ளைகளிடம் காணும்போது, அதனைக் குறும்பு என்றோ கெட்ட பழக்கம் என்றோ கருதுவோர் நம்மிடையே அநேகர். கண்ணூறு என்றும் ஜின்னின் தீண்டல் என்றும் கூறுவோரும் உளர். உண்மையில் இது மூளையின் இயக்கத்தோடு தொடர்புடைய 'டிக்' எனும் கோளாறாகும்.

பல அசைவுகளும், குறைந்தது ஒரு குரல் ஒலியும் ஓராண்டுக்கு மேல் நீடித்தால் அது 'டூரெட்' நோய் எனப்படும். பிரெஞ்சு நரம்பியல் வைத்தியர் ஜில் த லா டூரெட் 1885 ஆம் ஆண்டு ஒன்பது நோயாளரைப் பற்றி எழுதியதால் இப்பெயர் வழங்கலாயிற்று. பெரும்பாலும் 4 முதல் 7 வயதுக்குள் ஆரம்பமாகி, 10 முதல் 12 வயதளவில் உச்சமடையும். வளர்ந்த பின்னர் பலருக்குத் தணிந்துவிடுகிறது. பெண் பிள்ளைகளை விட ஆண் பிள்ளைகளிடமே இது அதிகம். தும்மல் வருமுன் தோன்றும் உந்துதலைப் போன்றதோர் உணர்வு முந்தி எழ, அதனைத் தீர்க்கவே பிள்ளை அசைகிறது. சற்று நேரம் அடக்க முடியும் என்பதால், வேண்டுமென்றே செய்வதாகப் பிறர் எண்ணிவிடுகின்றனர்.

சத்திரசிகிச்சையின்றி மூளையைத் தூண்டும் முறைகள் குறித்து இப்போது அதிகம் பேசப்படுகிறது. ஒன்றில், தலையில் பொருத்தும் மின்வாய்கள் மூலம் 1 அல்லது 2 மில்லி அம்பியர் அளவான மென்மின்னோட்டம் செலுத்தப்படும். மற்றொன்றில், தலையருகே வைக்கும் காந்தச் சுருள் மூளையினுள் மின்னோட்டத்தை உண்டாக்கும். அசைவுகளைத் திட்டமிடும் மூளைப் பகுதியின் மிகையான செயற்பாட்டைத் தணிப்பதே நோக்கம். மயக்கமருந்து கொடுத்து வலிப்பை உண்டாக்கும் மின்னதிர்ச்சி சிகிச்சை வேறு; இது வேறு.

எனினும், பிள்ளைகளிடம் நடந்த ஆய்வுகள் சிறியவை. டிக் தானாகவே கூடுவதும் குறைவதுமான இயல்புடையது. ஆதலால், மின்னோட்டமற்ற போலிச் சிகிச்சை பெற்ற குழுவோடு ஒப்பிட்டாலன்றி, குணம் கருவியால் வந்ததா, காலத்தால் வந்ததா எனக் கூற இயலாது. பிள்ளைகளுக்கான வழமையான சிகிச்சையாக இம்முறைகளை ஏற்கப் போதிய சான்று இன்னும் இல்லை.

இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தினர், மணிக்கட்டு நரம்பைத் தூண்டும் கருவியொன்றை 12 வயதுக்கு மேற்பட்ட 121 பேரிடம் பரிசோதித்து 2023 இல் முடிவை வெளியிட்டனர். நாளாந்தம் 15 நிமிடத் தூண்டல் பெற்றோரிடம் டிக் கால்பங்குக்கு மேல் குறைந்தது. இது நம்பிக்கை தரும் செய்தியே. ஆயினும் முடிந்த முடிவு அன்று. இணையத்தைப் பார்த்து பற்றரியும் கம்பியும் கொண்டு வீட்டிலே கருவி செய்வது, தோல் எரிகாயம் முதலிய ஆபத்துகளை வரவழைப்பதாகும். வளரும் மூளையில் அதன் நீண்டகால விளைவும் அறியப்படாதது.

கருவியே வேண்டாத சிகிச்சையொன்று ஏற்கனவே உண்டு. உந்துதலை இனங்கண்டு, டிக்குக்கு எதிரான வேறோர் அசைவால் அதனை வெல்லப் பிள்ளைக்குக் கற்பிக்கும் நடத்தைப் பயிற்சியே அது. அமெரிக்காவில் 126 பிள்ளைகளிடம் நடந்து 2010 இல் வெளியான ஆய்வில், இப்பயிற்சி பெற்றோரில் பாதிக்கு மேற்பட்டோர் தெளிவான முன்னேற்றம் கண்டனர். பிரித்தானியாவில் 224 பிள்ளைகளிடம் நடத்தப்பட்டு 2021 இல் வெளியான ஆய்வு, இணையவழிப் பயிற்சியும் பயன் தருவதைக் காட்டிற்று. கடுமையான நிலையில் வைத்தியர் மருந்தும் தருவர்.

கற்பிட்டிக் குடாநாட்டின் குறிஞ்சிப்பிட்டி போன்ற கரையோரக் கிராமங்களுக்கு இதுவே முக்கியமான செய்தி எனக் கருதுகின்றோம். நிபுணரைத் தேடி ஒரு நாள் தொழிலை விட்டுத் தொலைதூரம் செல்ல வேண்டிய கடற்றொழிலாளியின் பிள்ளைக்கு, விலையுயர்ந்த கருவியை விட, தமிழ்மொழியில் தொலைவழியே கிடைக்கும் பயிற்சியே பேருதவியாகும். அதனை ஏற்படுத்தச் சுகாதார அமைச்சு முன்வர வேண்டும்.

அதுவரை பாடசாலையும் மத்ரஸாவும் செய்யக்கூடியது ஒன்றுண்டு. டிக் உள்ள பிள்ளையை அடிப்பதாலும் ஏசுவதாலும் மன அழுத்தம் கூடி, டிக்கும் கூடும். ஆசிரியர்களும் உலமாக்களும் மதகுருமாரும் இவ்வுண்மையைப் பெற்றோருக்கு எடுத்துரைப்பார்களாயின், பிள்ளையின் துயரில் பாதி அன்றே நீங்கிவிடும்.